கேபிள் ரிலீஸும் மின்னணு ரிமோட்டும்: விரல் படாமல் ஷட்டரை இயக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கேமராவை முக்காலியில் ஏற்றிவிட்டாலே படம் அசையாது என்று பலர் நம்புகின்றனர். அந்த நம்பிக்கை பாதி அளவுக்கே சரியானது. ஷட்டர் பட்டனை அழுத்தும் விரல், எவ்வளவு மென்மையாக அழுத்தினாலும், கேமராவைச் சற்றுக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. அப்போது தோன்றும் நடுக்கம் முக்காலியின் கால்களில் அடங்குவதற்குள் ஷட்டர் திறந்து மூடிவிடுகிறது. 1/500 நொடியில் எடுக்கும் படத்தில் இந்த நடுக்கம் தெரிவதில்லை. 1/8 நொடியில் எடுக்கும் படத்திலோ, திறந்திருந்த நேரம் முழுவதும் கேமரா நடுங்கிக்கொண்டே இருந்ததால், கோபுரத்தின் விளிம்பும் இலையின் நரம்பும் இரட்டையாகத் தெரிகின்றன.

இதைத் தவிர்ப்பதற்கு இருவகைக் கருவிகள் உள்ளன. ஒன்று, உறைக்குள் ஓடும் கம்பியால் பட்டனை அழுத்தும் கேபிள் ரிலீஸ். மற்றொன்று, கம்பி வழியாகவோ ரேடியோ, அகச்சிவப்பு, புளூடூத் வழியாகவோ கேமராவுக்குக் கட்டளை அனுப்பும் மின்னணு ரிமோட். இவற்றில் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. உங்கள் கேமராவில் எந்த இணைப்பு இருக்கிறது, ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும், அந்த நேரத்தை எண்ணப்போவது நீங்களா கருவியா என்ற மூன்று கேள்விகளுக்கு விடை கண்டால் தேர்வு தானாகவே அமைந்துவிடும்.

உங்களுக்கு இது தேவையா என்று முதலில் பாருங்கள்

விரலின் நடுக்கமும், எஸ்எல்ஆர் வகைக் கேமராவுக்குள் படமெடுக்கும்போது மேலெழும் கண்ணாடியின் அதிர்வும் மிகுதியாகத் தெரிவது ஏறத்தாழ 1/30 நொடியிலிருந்து ஒன்றிரண்டு நொடி வரையிலான வேகங்களில்தான். அதைவிட வேகமான ஷட்டரில் நடுக்கம் பதிவாக நேரமில்லை. 20, 30 நொடிப் படங்களில் தொடக்க நடுக்கம் மொத்த நேரத்தில் மிகச் சிறு பங்கு என்பதால், இருளில் பிரகாசமான விளக்கு ஒன்று கோடிழுத்தாலன்றி அது பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. ஆனால் 30 நொடியைத் தாண்டியதும் வேறொரு தேவை எழுகிறது. பெரும்பாலான கேமராக்களின் வேக அளவு அங்கே முடிந்துவிடுவதால், பட்டன் அழுந்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்திருக்கும் பல்ப் முறையில் அதை நீங்கள் அழுத்தியபடியே இருக்க வேண்டும். மூன்று நிமிடம் விரலை வைத்துக்கொண்டு கேமராவை அசைக்காமல் நிற்க யாராலும் முடியாது. ஆகவே இக்கருவி செய்யும் வேலைகள் இரண்டு: விரலைக் கேமராவிலிருந்து பிரிப்பது, விரலுக்குப் பதிலாகப் பட்டனைப் பிடித்துக்கொண்டிருப்பது.

முதல் வேலை மட்டுமே உங்களுக்குத் தேவை என்றால், அசையாத பொருளை எடுக்கும்போது கேமராவிலேயே உள்ள 2 நொடி செல்ஃப் டைமர் போதும். காசு செலவழிக்க வேண்டியதில்லை. அலை பாறையில் மோதும் கணம், காற்று நின்று பூ அசைவற்றிருக்கும் கணம் போன்றவற்றை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் டைமர் உதவாது. அங்கேதான் ரிலீஸ் தன் மதிப்பைக் காட்டுகிறது.

கேபிள் ரிலீஸ் எப்படி வேலை செய்கிறது

சைக்கிளின் பிரேக் கம்பியைப் பார்த்தவர்களுக்கு இதன் அமைப்பு உடனே விளங்கிவிடும்; இரண்டும் 1896-இல் எர்னஸ்ட் மானிங்டன் பவுடன் காப்புரிமை பெற்ற ஒரே தத்துவத்தின் வடிவங்களே. வளையக்கூடிய உறைக்குள் மெல்லிய கம்பி ஒன்று ஓடுகிறது. பிரேக்கில் கம்பி இழுக்கப்படுகிறது; கேபிள் ரிலீஸில் அது தள்ளப்படுகிறது. உங்கள் கட்டைவிரல் அழுத்தும் முனையை அழுத்தியதும், மறுமுனையில் சிறு ஊசி ஒன்று வெளியே நீண்டு, ஷட்டர் பட்டனின் நடுவிலுள்ள துளைக்குள் இறங்கி, உள்ளிருக்கும் நெம்புகோலைத் தள்ளுகிறது. உறை, தள்ளும் விசையின் எதிர்விளைவை கேமராவின் மரையிலேயே தாங்கிக்கொள்வதால், கேமரா முழுவதையும் கீழே அழுத்தும் விசை எதுவும் எஞ்சுவதில்லை. கம்பி தளர்வாக வளைந்திருக்கும்போது மட்டுமே இது உண்மை. இழுத்துப் பிடித்த கேபிள் உங்கள் கையின் நடுக்கத்தை அப்படியே கேமராவுக்குக் கொண்டு சேர்க்கும்.

இணைப்பு முனையின் மரை கூம்பு வடிவில் குறுகிச் செல்லும். பல நிறுவனங்களின் கேமராக்கள் பல பத்தாண்டுகளாக இந்த ஒரே மரையைப் பயன்படுத்தி வருகின்றன என்பது இக்கருவியின் பெருஞ்சிறப்பு. பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம்2, ரோலைஃபிளெக்ஸ், லைக்கா எம் வரிசை, பெரிய வடிவக் கேமராக்களின் கோப்பல் ஷட்டர்கள் ஆகிய அனைத்திலும் ஒரே கேபிள் பொருந்தும். டிஜிட்டல் கேமராக்களில் ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்100 வரிசையும், 2013-இல் வெளிவந்த நிக்கான் டிஎஃப்-உம் இந்த மரையைத் தாங்கி நிற்கின்றன. விலக்குகளும் உண்டு. நிக்கான் எஃப், எஃப்2 ஆகியவற்றிலும் பழைய திருகு லென்ஸ் லைக்காக்களிலும் மரை பட்டனுக்குள் இல்லை. பட்டனைச் சுற்றி வெளிப்புறத்தில் இருக்கிறது. அவற்றுக்கு அதற்கெனச் செய்த கேபிளோ, மணி வடிவ அடாப்டரோ வேண்டும்.

கேபிளின் பூட்டு இருவகைப்படும். ஒன்றில் அழுத்தும் முனைக்கருகே சிறு திருகு இருக்கும். அழுத்தியபின் அதைத் திருகினால் ஊசி அங்கேயே நிற்கும். மற்றொன்றில் வட்டத் தகடு இருக்கும். அழுத்தியதும் அது தானே பிடித்துக்கொள்ளும், தகட்டை அழுத்தினால் விடுவிக்கும். இருட்டில் ஒரு கையால் இயக்க வேண்டியிருப்பதால் தகட்டுப் பூட்டையே நான் பரிந்துரைப்பேன். திருகுப் பூட்டை இறுக்கும்போது விரல் சற்றே தளர்ந்தால் ஷட்டர் மூடிவிடும். அந்தப் படம் போனதுதான்.

மின்னணு ரிமோட் எப்படி வேலை செய்கிறது

கம்பியுள்ள எளிய ரிமோட்டுக்குள் மின்னணுச் சுற்று என்று சொல்லத்தக்க எதுவும் பெரும்பாலும் இருப்பதில்லை. கேனானின் ஆர்எஸ்-60இ3 வகை ரிமோட்டில் 2.5 மில்லிமீட்டர் பிளக் உள்ளது. அதன் நுனி ஷட்டருக்கும், நடு வளையம் ஃபோகஸுக்கும், அடிப்பகுதி பொது இணைப்புக்கும் உரியவை. பட்டனைப் பாதி அழுத்தும்போது ஃபோகஸ் கம்பி பொதுக் கம்பியைத் தொடுகிறது. முழுவதும் அழுத்தும்போது ஷட்டர் கம்பியும் தொடுகிறது. மற்றதையெல்லாம் கேமராவே பார்த்துக்கொள்கிறது. இதனால்தான் இவ்வகை ரிமோட்டுக்குத் தனி பேட்டரி தேவையில்லை. இதே காரணத்தால்தான் பிற நிறுவனங்கள் செய்யும் மலிவான ரிமோட்டும், பிளக் சரியாக இருந்தால், அதே வேலையைக் குறையின்றிச் செய்கிறது. தொடர்பு ஏற்படுத்தும் இரண்டு தகடுகளுக்காகப் பெரும் தொகை கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

டைமருள்ள ரிமோட்டில் சிறு கடிகாரச் சுற்று சேர்கிறது. எத்தனை நொடி கழித்துத் தொடங்க வேண்டும், எவ்வளவு நேரம் ஷட்டரைத் திறந்து வைக்க வேண்டும், எத்தனை நொடிக்கு ஒருமுறை எடுக்க வேண்டும், மொத்தம் எத்தனை படங்கள் என்ற நான்கையும் அதில் பதிவு செய்யலாம். இதற்குத் தனி பேட்டரி உண்டு. இயந்திர கேபிளால் ஒருபோதும் செய்ய முடியாத வேலை இதுதான்; மின்னணு ரிமோட்டின் உண்மையான மேன்மையும் இதில்தான் இருக்கிறது. ஒரே ஒரு படத்தை அசைவின்றி எடுப்பதில் இரண்டுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை.

கம்பியில்லா வகைகளில் அகச்சிவப்பு ரிமோட் எளிமையானது, சிறியது. கேனானின் ஆர்சி-6, நிக்கானின் எம்எல்-எல்3 ஆகியவை இவ்வகை. ஆனால் உணரி பொதுவாகக் கேமராவின் முன்புறம் அமைந்திருப்பதால், கேமராவுக்குப் பின்னால் நின்று இயக்குவது கடினம். எட்டும் தூரம் ஐந்து மீட்டர் அளவே. கடும் வெயிலில் அதுவும் குறையும். குடும்பப் படத்தில் தாமும் நிற்க விரும்புபவருக்கு இது பொருத்தமானது. ரேடியோ வகையில் கேமராவோடு இணைந்த ஏற்பி ஒன்றும் கையில் அனுப்பி ஒன்றும் இருக்கும். பறவைக் கூட்டுக்கருகே கேமராவை வைத்துவிட்டு விலகி நிற்பவர்களுக்கு அதுவே ஏற்றது. கேனான் பிஆர்-இ1, நிக்கான் எம்எல்-எல்7, சோனி ஆர்எம்டி-பி1பிடி போன்ற புளூடூத் ரிமோட்டுகள் ஏற்பி இல்லாமலே கேமராவோடு நேரடியாக இணைகின்றன. ஆயினும் எந்தெந்த மாடல்களோடு இணையும் என்பதை அந்தந்த நிறுவனத்தின் பட்டியலில் பார்த்தபின்பே வாங்க வேண்டும்.

முதல் படி: கேமராவின் இணைப்பை அடையாளம் காணுங்கள்

ஷட்டர் பட்டனின் நடுவைப் பாருங்கள். அங்கே மரையுள்ள துளை இருந்தால் கேபிள் ரிலீஸ் பொருந்தும். அடுத்து, கேமராவின் பக்கவாட்டிலும் முன்புறத்திலும் உள்ள ரப்பர் மூடிகளைத் திறந்து பாருங்கள். கேனானில் தொடக்க நிலை, இடைநிலைக் கேமராக்கள் பெரும்பாலும் 2.5 மில்லிமீட்டர் துளையையும், 5டி, 7டி வரிசைகள் என்3 எனப்படும் மூன்று ஊசி இணைப்பையும் கொண்டவை. கண்ணாடியில்லாக் கேமராக்களிலும் இந்தப் பிரிவினை தொடர்கிறது: ஆர்6 முதல் வகை, ஆர்5 இரண்டாம் வகை. நிக்கானில் டி850, டி500, இசட்9 போன்ற உயர்நிலைக் கேமராக்கள் வட்டமான பத்து ஊசி இணைப்பையும், டி5000, டி7000 வரிசைகளும் டி750, இசட்6 ஆகியவையும் எம்சி-டிசி2 என்ற கம்பி ரிமோட் பொருந்தும் இணைப்பையும் பயன்படுத்துகின்றன. சோனியின் ஆல்ஃபா கேமராக்கள் பலவற்றில் மல்டி டெர்மினல் என்ற துளை உண்டு.

கடைக்காரரிடம் "கேனானுக்கு ஒரு ரிமோட்" என்று மட்டும் கேட்டால் தவறான பிளக் கையில் வருவதற்கு வாய்ப்பு மிகுதி. கேமராவின் முழுப் பெயரையும் இணைப்பின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிளக்கின் அளவு பொருந்திவிட்டால் மட்டும் போதாது என்பதையும் நினைவில் வையுங்கள். பானசோனிக் கேமராக்களும் 2.5 மில்லிமீட்டர் பிளக்கையே பயன்படுத்துகின்றன, ஆனால் அதில் நான்கு தொடர்புகள் இருக்கின்றன, உள்ளே மின்தடைகளைக் கொண்டு கட்டளைகளைப் பிரித்தறிகின்றன. கேனானின் ரிமோட் அங்கே வேலை செய்யாது.

ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்-புரோ2 போன்ற சில கேமராக்களில் மரை, 2.5 மில்லிமீட்டர் துளை ஆகிய இரண்டும் உண்டு. அத்தகைய கேமரா உங்களிடம் இருந்தால் முதலில் கேபிள் ரிலீஸை வாங்குங்கள். விலை குறைவு, பேட்டரி வேண்டாம், பழுதாக அதில் பெரிதாக எதுவுமில்லை. நட்சத்திரப் பாதைகளையோ மணிக்கணக்கான இடைவெளிப் படங்களையோ எடுக்கத் தொடங்கும்போது டைமர் ரிமோட்டைப் பற்றி யோசிக்கலாம். அதற்கும் முன்பாக, கேமராவின் மெனுவிலேயே இடைவெளி டைமர் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாம் படி: சரியான நீளத்தைத் தேர்ந்தெடுத்துப் பொருத்துங்கள்

இயந்திர கேபிள் 30 முதல் 50 சென்டிமீட்டர் வரை இருந்தால் பெரும்பாலான வேலைகளுக்குப் போதும். மிகக் குட்டையான கேபிளை வளைத்துத் தொங்கவிட முடியாது. மிக நீண்டதில் உறைக்குள் உராய்வு கூடுவதால் அழுத்தம் முனை வரை சீராகச் சென்று சேர்வதில்லை. பல மீட்டர் தூரம் தேவைப்பட்டால் ரப்பர் குமிழும் நீண்ட குழாயும் கொண்ட காற்றழுத்த ரிலீஸ் இருக்கிறது. குமிழை அமுக்கியபின் காற்று மறுமுனையை அடையச் சிறிது நேரம் ஆகும் என்பதால், ஓடும் பொருளுக்கு அது ஏற்றதன்று.

பொருத்தும்போது கேபிளின் முனையை நேராகப் பிடித்து, விரல் நுனியால் மட்டும் திருகுங்கள். மரை கூம்பு வடிவானது என்பதால் சில சுற்றுகளிலேயே அது இறுகி நிற்கும். அதற்கு மேல் வலிந்து திருகினால் கேமராவின் மரைதான் தேயும். பின்னர் ஃபிலிம் ஏற்றாமலோ, டிஜிட்டல் என்றால் சோதனைப் படமாகவோ, ஒருமுறை அழுத்திப் பாருங்கள். சில கேபிள்களின் ஊசி போதிய அளவு வெளியே நீள்வதில்லை. அப்போது பட்டன் பாதி அழுந்தி நிற்குமேயன்றி ஷட்டர் விடாது. கடையிலேயே இதைச் சோதித்துவிடுவது நல்லது.

மின்னணு ரிமோட்டின் பிளக்கைக் கேமராவை அணைத்துவிட்டுச் செருகுங்கள். கம்பியைத் தொங்கவிடாமல் முக்காலியின் காலில் வெல்க்ரோ பட்டையால் கட்டுங்கள். காற்றில் ஆடும் கம்பியும், அதன் முனையில் ஊசலாடும் ரிமோட்டும், நீங்கள் தவிர்க்க நினைத்த நடுக்கத்தை வேறு வழியில் கொண்டுவந்து சேர்க்கும்.

மூன்றாம் படி: அழுத்துவதற்கு முன் கேமராவைத் தயாராக்குங்கள்

முதலில் ஃபோகஸ். தானியங்கி ஃபோகஸில் ஒருமுறை சரிசெய்துவிட்டு, கைமுறைக்கு மாற்றிவிடுங்கள். ரிமோட்டைப் பாதி அழுத்தும்போது கேமரா மீண்டும் ஃபோகஸ் தேடத் தொடங்கினால், இருட்டில் அது கிடைக்காமல் ஷட்டரே விடாமல் போகலாம். ரிமோட் கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுக்கப்படுவனவற்றில் பல உண்மையில் இந்தக் காரணத்தால் வேலை செய்யாதவையே.

அடுத்து, லென்ஸிலோ கேமராவிலோ உள்ள அசைவுத் தடுப்பு வசதியை அணையுங்கள். முக்காலியில் இருப்பதைச் சில லென்ஸ்கள் தாமே உணர்ந்துகொள்ளும். ஆனால் நீண்ட நேரப் படத்துக்கு அதை நம்ப வேண்டாம். டிஎஸ்எல்ஆர் அல்லது ஃபிலிம் எஸ்எல்ஆர் என்றால், கண்வைக்கும் வியூஃபைண்டரை மூடுங்கள். கண் அங்கே இல்லாதபோது பின்னிருந்து நுழையும் ஒளி, ஒளிமானியை ஏமாற்றிப் படத்தை இருளச் செய்யும். கேனான் கேமராவைத் தோளில் மாட்டும் வாரில் சிறு ரப்பர் மூடியைக் கோத்துக் கொடுப்பது இதற்காகத்தான்.

இனி கண்ணாடி. எஸ்எல்ஆர் கேமராவில் உங்கள் விரலை நீக்கிவிட்டாலும், படத்துக்குச் சற்று முன் மேலெழுந்து மோதும் கண்ணாடியின் அதிர்வு எஞ்சியிருக்கிறது. கேபிள் ரிலீஸ் மட்டும் வாங்கிவிட்டு இதை விட்டுவிடுபவர்கள் பாதி வேலையையே செய்கிறார்கள். ஒலிம்பஸ் ஓஎம்-1, நிக்கான் எஃப்2 ஆகியவற்றில் கண்ணாடியைத் தனியே உயர்த்திப் பூட்டும் விசை உண்டு. ஹாசல்பிளாட் 500சி/எம்-இல் உடலின் வலப்பக்கச் சிறு நெம்புகோலை உயர்த்தினால் கண்ணாடி மேலே சென்றுவிடும். பின்னர் கேபிளை அழுத்தினால் லென்ஸுக்குள் இருக்கும் ஷட்டர் மட்டும் அமைதியாகத் திறந்து மூடும். நிக்கான் எஃப்எம்2-இல் செல்ஃப் டைமரை இயக்கினால் கண்ணாடி முதலிலேயே உயர்ந்துவிடுகிறது. பென்டாக்ஸ் கே1000-இல் இதற்கு வழியே இல்லை.

டிஜிட்டல் எஸ்எல்ஆரில் மிரர் லாக்-அப் முறையைத் தேர்ந்தெடுத்தால், ரிமோட்டின் முதல் அழுத்தம் கண்ணாடியை உயர்த்தும். இரண்டு மூன்று நொடி பொறுத்து இரண்டாம் முறை அழுத்தினால் படம் பதியும். இங்கே இரு நிறுவனங்களின் நடத்தையும் வேறு. இரண்டாம் அழுத்தம் 30 நொடிக்குள் வராவிட்டால் கேனான் கண்ணாடியைக் கீழே இறக்கிவிடுகிறது; நிக்கானோ தானே படத்தை எடுத்துவிடுகிறது. கண்ணாடியில்லாக் கேமராவில் இந்தச் சிக்கல் இல்லை; மின்னணு முன்திரை முறையைத் தேர்ந்தெடுத்தால் ஷட்டர் திரையின் மெல்லிய அதிர்வும் நீங்கிவிடும்.

நான்காம் படி: நேரத்தை எண்ணும் கலை

ஃபிலிம் கேமராவோடு கேபிள் ரிலீஸைப் பயன்படுத்துபவர்கள் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் இது. எஃப்எம்2, கே1000 ஆகியவற்றின் மிக மெதுவான வேகம் 1 நொடி. அதற்கு மேல் எதுவாயினும் பி (பல்ப்) நிலையில் கையால்தான் எண்ண வேண்டும். மூன்று நிமிடப் படத்தில் இரண்டு நொடி பிழை நேர்ந்தால் ஒளியளவில் எந்த வேறுபாடும் தெரியாது. நான்கு நொடிப் படத்தில் ஒரு நொடி கூடினால் ஏறத்தாழ மூன்றில் ஒரு ஸ்டாப் மாறிவிடும் (ஒளி இரட்டிப்பாவதோ பாதியாவதோ ஒரு ஸ்டாப்). ஸ்லைடு ஃபிலிமில் அது தெளிவாகத் தெரியும். ஆகவே 2 முதல் 6 நொடி வரை வரும் அளவீடுகளைக் கூடியவரை தவிர்த்து, லென்ஸின் துளையான அப்பெர்ச்சரை மேலும் ஒன்றிரண்டு ஸ்டாப் சுருக்கி, நேரத்தை 8 நொடிக்கு மேல் கொண்டுசெல்லுங்கள். எண்ணுவதற்கு நொடிதோறும் ஒலிக்கும் மெட்ரோனோம் செயலியைக் கைபேசியில் ஓடவிடலாம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேபிளை அழுத்துவதைவிட காதால் கேட்டு விரலை இயக்குவது துல்லியமானது.

நேரம் கூடும்போது ஃபிலிம் மந்தமாகிவிடும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இல்ஃபோர்டு நிறுவனம் தன் ஃபிலிம்களுக்கு வெளியிட்டுள்ள சூத்திரப்படி, ஒளிமானி காட்டும் நொடிகளை ஒரு குறிப்பிட்ட அடுக்குக்கு உயர்த்த வேண்டும். எச்பி5 பிளஸ் ஃபிலிமுக்கு அந்த அடுக்கு 1.31. ஒளிமானி 10 நொடி காட்டினால் 20 நொடியும், 30 நொடி காட்டினால் ஏறத்தாழ 86 நொடியும் திறந்து வைக்க வேண்டும் என்பது இதன் பொருள். கேபிளின் பூட்டு இல்லாமல் இதைச் செய்ய முடியாது.

கண்ணாடி உயர்த்தும் வசதியில்லாத கேமராவுக்கு ஒரு பழைய முறை உண்டு. கருப்பு அட்டையை லென்ஸைத் தொடாமல் அதன் முன்னே பிடித்துக்கொண்டு, கேபிளால் ஷட்டரைத் திறந்து பூட்டுங்கள். இரண்டு நொடி கழித்து, அதிர்வு அடங்கியபின், அட்டையை விலக்கி நேரத்தை எண்ணத் தொடங்குங்கள். முடிந்ததும் அட்டையால் மறைத்துவிட்டுப் பூட்டை விடுவியுங்கள். சில நொடிகளுக்கு மேற்பட்ட படங்களில் இது மிரர் லாக்-அப்புக்கு இணையான பலனைத் தரும்.

மின்சாரம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பட்டனில் மரை இருப்பதாலேயே ஒரு கேமரா முழுவதும் இயந்திரமாகிவிடாது. 1976-இல் வந்த கேனான் ஏஇ-1-இல் கேபிள் பொருந்தும். ஆனால் அதன் ஷட்டர் மின்காந்தத்தால் இயங்குவது, பல்பில் திறந்திருக்கும் நேரமெல்லாம் பேட்டரி கரையும். எஃப்எம்2-இல் அந்தக் கவலை இல்லை. அதன் பேட்டரி ஒளிமானிக்கு மட்டுமே.

ஐந்தாம் படி: டிஜிட்டல் கேமராவில் நீண்ட நேரப் படம்

பகலில் கடலையோ அருவியையோ பனிபோல் மென்மையாக்கிப் பதிவு செய்ய 10 ஸ்டாப் என்டி ஃபில்டரைப் பயன்படுத்துவோம். அது ஒளியை 1024-இல் ஒரு பங்காகக் குறைக்கிறது. ஃபில்டர் இல்லாமல் 1/30 நொடி என்றால் ஃபில்டரோடு 34 நொடி. 1/15 என்றால் 68 நொடி. இரண்டும் 30 நொடி எல்லையைத் தாண்டுகின்றன. சட்டகத்தையும் ஃபோகஸையும் ஃபில்டர் போடுவதற்கு முன்பே முடித்து, பல்ப் முறைக்கு மாற்றி, ரிமோட்டை அழுத்தி முன்னே தள்ளிப் பூட்டுங்கள். கேமராவின் திரையில் நொடிகள் ஓடினால் அதைப் பார்த்தே விடுவிக்கலாம். டி என்ற நிலை உள்ள கேமராவில் பூட்டும் தேவையில்லை. முதல் அழுத்தத்தில் திறந்து, இரண்டாம் அழுத்தத்தில் மூடும்.

நட்சத்திரப் பாதைகளுக்கு ஒரே நீண்ட படத்தைவிட, பல 30 நொடிப் படங்களை எடுத்துக் கணினியில் அடுக்குவது நல்லது. படத்தில் புள்ளிபுள்ளியாகத் தெரியும் இரைச்சலும் குறையும், நடுவில் ஒரு வாகன விளக்கு குறுக்கிட்டாலும் ஒரு படத்தை நீக்கினால் போதும். இதற்கு டைமர் ரிமோட் கட்டாயம் என்று பலர் எண்ணுகின்றனர். கேமராவை 30 நொடி வேகத்திலும் தொடர் படப்பிடிப்பு முறையிலும் வைத்து, எளிய கம்பி ரிமோட்டைப் பூட்டிவிட்டால், பேட்டரியோ நினைவட்டையோ தீரும்வரை கேமரா தானே அடுத்தடுத்து எடுத்துக்கொண்டே இருக்கும். நீண்ட நேர இரைச்சல் குறைப்பு வசதியை மட்டும் மறவாமல் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் அதே அளவு நேரம் கேமரா இருட்டுப் படம் எடுத்துக் கழிக்கும், நட்சத்திரக் கோடுகள் துண்டுதுண்டாகிவிடும்.

டைமர் ரிமோட்டைப் பயன்படுத்துவதானால், இடைவெளியை 30 நொடி என்று வைத்துவிடாதீர்கள். கேமராவில் 30 என்று எழுதியிருக்கும் வேகம் பல கேமராக்களில் உண்மையில் 32 நொடி. ஷட்டர் வேகங்கள் இரட்டிப்பாகவே செல்வதால் 16-க்கு அடுத்தது 32-தான். இடைவெளி அதைவிடக் குறைந்தால் ஒன்றுவிட்டு ஒன்று தவறிப்போகும். 33 அல்லது 34 என்று வையுங்கள். சில டைமர்கள் இடைவெளியை ஒரு படத்தின் தொடக்கத்திலிருந்து அடுத்ததன் தொடக்கம் வரை கணக்கிடுகின்றன. வேறு சில, முடிவிலிருந்து கணக்கிடுகின்றன. வீட்டில் ஐந்து படம் எடுத்துப் பார்த்தால் உங்களுடையது எவ்வகை என்று தெரிந்துவிடும். பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு நட்சத்திரமும் அவ்வளவு வளைவைத்தான் வரையும். துருவ நட்சத்திரத்தை மையமாக வைக்க விரும்பினால், சென்னையில் அது அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 13 பாகை உயரத்தில்தான் இருக்கும் என்பதால், வடக்கே மரமோ கட்டடமோ மறைக்காத இடத்தைத் தேட வேண்டும்.

மின்னலை எடுக்கவும் இதே பூட்டிய ரிமோட் முறை உதவும். ஆனால் உலோக முக்காலியோடு திறந்த வெளியில் நிற்காமல், கட்டடத்துக்குள்ளிருந்தே எடுங்கள்.

வேலை செய்யாதபோது

அழுத்தியும் ஷட்டர் விடவில்லை என்றால், முதலில் ஃபோகஸ் கைமுறையில் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து பிளக் முழுவதும் உள்ளே சென்றிருக்கிறதா என்று பாருங்கள்; 2.5 மில்லிமீட்டர் பிளக் கடைசிச் சிறு சொடுக்குக்கு முன் நின்றுவிட்டால் பாதி அழுத்தம் மட்டும் வேலை செய்வதுபோல் தோன்றும். ஃபியூஜிஃபில்ம் கேமராக்கள் சிலவற்றில் ஒரே துளை மைக்குக்கும் ரிமோட்டுக்கும் பொதுவானது. மெனுவில் அதை ரிமோட் என்று மாற்ற வேண்டும். அகச்சிவப்பு, புளூடூத் ரிமோட்டுகளுக்குக் கேமராவின் டிரைவ் முறையை ரிமோட்டுக்கு மாற்ற வேண்டியிருக்கலாம். சற்று நேரம் கழித்துக் கேமரா அந்த முறையிலிருந்து தானே வெளியேறிவிடுவதும் உண்டு.

இயந்திர கேபிளில் ஊசி வெளியே வந்து திரும்பாமல் நின்றால், உறைக்குள் கம்பி துருப்பிடித்திருக்கலாம் அல்லது எங்கோ கூர்மையாக மடிந்திருக்கலாம். மடிந்த கேபிளை நிமிர்த்திப் பயன்படுத்த முயல வேண்டாம். அது நீண்ட நேரப் படத்தின் நடுவில் சிக்கிக்கொண்டால் ஷட்டரை மூட வழியிருக்காது. அப்போது லென்ஸைக் கையால் மறைத்துக்கொண்டு கேபிளைக் கேமராவிலிருந்து திருகி எடுத்துவிட்டால் ஷட்டர் மூடிக்கொள்ளும். கடற்கரையில் பயன்படுத்திய கேபிளின் முனைகளை ஈரத்துணியால் துடைத்து, உலர்த்தி, உள்ளங்கை அகலத்துக்குக் குறையாத வட்டமாகச் சுருட்டி வையுங்கள். பயணத்துக்குக் கிளம்பும்போது கேபிளைக் கேமராவிலிருந்து கழற்றிவிடுங்கள். பைக்குள் ஏதேனும் கேபிளை இடித்தால் கேமராவின் ஷட்டர் பட்டனே வளையக்கூடும். டைமர் ரிமோட்டிலிருந்தும் ரேடியோ அனுப்பியிலிருந்தும், மாதக்கணக்கில் பயன்படுத்தப்போவதில்லை என்றால், பேட்டரியை எடுத்துவிட்டு, அதே வகையில் புதிய ஒன்றை அவற்றின் உறைக்குள்ளேயே வைத்திருங்கள்.